ஒற்றை விரலில் திறக்கிற வால்வு

இலஞ்சி சிவசைலத்தின் லாரிக்கு அடியில் அவரைத் தவிர வேறு ஆள் படுத்திருந்து பார்த்தவர்கள் குறைவு. டயர் மாற்ற ஆள் வைப்பார். வெல்டிங் வேலை என்றால் பட்டறையில் விட்டுவிட்டு டீக்கடையில் போய் உட்கார்ந்துகொள்வார். இன்ஜின் ஆயில் மாற்றுவதை மட்டும் யாருக்கும் விட்டுத்தரமாட்டார். சாக்கை விரித்து அடியில் நுழைந்து, ஆயில் தொட்டியின் அடியிலிருக்கும் நட்டைக் கழற்றிவிட்டு, பழைய ஆயில் கறுப்பாக இறங்கி முடிகிறவரை அப்படியே கிடப்பார். கடைசியில் சொட்டுகிற ஆயிலை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்ப்பார். இரும்புத்தூள் நெருநெருவென்று பட்டால் முகம் சுருங்கிவிடும். அன்றைக்குச் சோறு சரியாக இறங்காது.

ஆறு சக்கர வண்டி. டிரைவரும் அவரே, முதலாளியும் அவரே. பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றுவார். அறுப்பு முடிந்த மாதங்களில் வண்டியை வயலுக்குள்ளேயே இறக்கி வைக்கோல் ஏற்றுவார். புளியரை வளைவுகளில் ஏறி ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று போய்க் கொல்லத்தில் இறக்கிவிட்டுத் திரும்புவார். குடி கிடையாது. பேச்சும் குறைவு. ஒரே மகளைக் கோவில்பட்டியில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. வீட்டில் அவரும் மனைவி குழல்வாய்மொழியும்தான். குற்றாலத்து அம்மன் பெயர் அது, கூப்பிடுவதற்குக் குழலி. அவள் வீட்டில் கிரைண்டர் போட்டு இட்லி மாவு ஆட்டி அக்கம்பக்கத்துத் தெருக்களுக்குக் கொடுத்துவந்தாள்.

கொரோனா ஓய்ந்து வண்டிகள் பழையபடி ஓடத் தொடங்கியிருந்த காலம். சாரல் விழ ஆரம்பித்திருந்தது. ஊருக்குச் சாலை பிரிகிற இலஞ்சி விலக்கில் பஞ்சர் கடையும் கிரீஸ் வேலையும் வைத்திருக்கும் பாண்டிராஜின் கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு, சிவசைலம் ஆயில் மாற்ற அடியில் நுழைந்தார். பாண்டிராஜும் அவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். 

ஸ்பேனரை மாட்டி இழுத்தார். நட்டு அசையவில்லை. மறுபடி இழுத்தார். ஸ்பேனர் கையைவிட்டு நழுவி நெஞ்சில் விழுந்தது. கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். கை தோளிலிருந்து நடுங்கியதே தவிர, விரல்களில் பிடிப்பு வரவில்லை.

"என்னலே சைலம், அடியிலேயே தூங்கிட்டியா?" என்று பாண்டிராஜ் குனிந்து பார்த்தார்.

"நட்டு இறுகிப்போய்க் கெடக்கு. அசைய மாட்டேங்குது."

"தள்ளு, நான் பாக்கேன்."

பாண்டிராஜ் நுழைந்து ஸ்பேனரை மாட்டி லேசாக ஒரு இழுப்பு இழுத்தார். நட்டு சுற்றிக்கொண்டு வந்தது. மிச்சத்தை விரலாலேயே கழற்றினார்.

"எந்த மடப்பயலே இத முடுக்குனது? கையோட வருது. மலையில கழண்டு விழுந்திருந்தா ஆயில் பூராவும் போயி இன்ஜின் பிடிச்சிருக்கும்லா!"

சொல்லி வாயை மூடிய பிறகுதான் அந்த நட்டைப் போன தடவை முடுக்கியது யார் என்று அவருக்கு உறைத்தது. ஆயில் தகரத்தில் விழுகிற சத்தத்தை இரண்டு பேரும் கேட்டுக்கொண்டு கிடந்தார்கள். புது ஆயில் ஊற்றுவதற்கு முன்னால் நட்டை முடுக்கிக்கொடுத்ததும் பாண்டிராஜ்தான்.

போன தடவை முழு பலத்தையும் கொடுத்துத்தான் முடுக்கியிருந்தார் சிவசைலம். அது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அந்த பலம் விரலால் கழற்றுகிற அளவுக்குத்தான் இருந்திருக்கிறது. அந்த நட்டோடு எத்தனை லோடு மலை ஏறி இறங்கியிருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தார்.

சாரல் காலத்தில் உள்ளூர்க்காரர்கள் அருவிப் பக்கம் அதிகம் போவதில்லை. வெளியூர்க் கூட்டம் முடியட்டும் என்று இருந்துவிடுவார்கள். சிவசைலம் அந்த வாரம் விடியும்போதே குற்றாலம் போனார். ஐந்தருவியில் எண்ணெய் தேய்த்துவிடுகிற ஒருவரிடம் கையைக் கொடுத்தார். அந்த ஆள் தோளிலிருந்து அழுத்திக்கொண்டே வந்து, மணிக்கட்டுக்கு வந்ததும் நிறுத்தினார்.

"அண்ணாச்சி, அந்தக் கையையும் நீட்டுங்க." இரண்டையும் சேர்த்துவைத்துப் பார்த்தார். "வலது கை எளச்சிருக்கே. அடி கிடி பட்டுதா?"

"இல்ல. ஸ்டியரிங் பிடிச்சுப் பிடிச்சு அப்படி இருக்கும்."

"டாக்டர்ட்ட காட்டுங்க. இது தேச்சுச் சரியாவுறதில்ல."

சிவசைலம் எழுந்து அருவிக்கடியில் போய் நின்றார். தண்ணீர் தோளில் இடித்தது. எல்லாரையும் போல இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் விரல்கள் தானாகவே பிரிந்தன. அவர் விடவில்லை, விரல்கள்தான் விட்டன. முழங்கால் பாறையில் மோத விழுந்தவரை யாரோ ஒரு வெளியூர்க்காரர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். வீட்டுக்கு வந்து பாசி வழுக்கிவிட்டது என்று சொன்னார். குழலி முழங்காலில் மஞ்சள் வைத்துவிட்டாள்.

அப்படியே சில மாதங்கள் போயின. வண்டி ஓட்டுவதில் பெரிய சிரமம் தெரியவில்லை. கியரை உள்ளங்கையால் தள்ளினார். சாவியை இரண்டு விரலால் திருக முடியாதபோது சாவி வளையத்தில் ஒரு மரத்துண்டைச் செருகிக்கொண்டார். சட்டைக்குப் பதில் டீ ஷர்ட் போட ஆரம்பித்தார். "வயசு திரும்புது போல" என்று குழலி சிரித்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். ஆயில் நட்டுக்குத்தான் வழி தெரியவில்லை. அதைக் கழற்றுகிற நாள் நெருங்கிக்கொண்டே வந்தது. மறுபடியும் பாண்டிராஜைக் கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை.

வழியைத் தென்மலைக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை ஓரத்தில் பார்த்தார். கேரளா வண்டி ஒன்று நின்றது. அதன் டிரைவர் ஒரு கையில் டீயோடு குனிந்து, அடியில் மற்றக் கையை விட்டார். அவ்வளவுதான், ஆயில் ஒரு குழாய் வழியாக வாளியில் இறங்க ஆரம்பித்தது. ஸ்பேனர் இல்லை, சாக்கு இல்லை. சிவசைலம் பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்த்தார். நட்டு இருக்கவேண்டிய இடத்தில் பித்தளையில் ஒரு சின்ன வால்வு. அதில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு லிவர்.

"இதத் தொறக்க பலம் வேணுமா?" என்று கேட்டார்.

"ஒரு வெரலு மதி சேட்டா" என்றார் அந்த டிரைவர். ஒரு விரலே போதும் என்பதற்கு லிவரை மூடி, மறுபடி சுண்டுவிரலால் திறந்து காட்டினார். 

திரும்புகிற வழியெல்லாம் சிவசைலத்துக்கு அந்தச் சுண்டுவிரல்தான் கண்ணில் நின்றது.

தென்காசியில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கும் பரீது கடையநல்லூர்க்காரர். சவூதியில் பெரிய வண்டிகளின் சர்வீஸ் யார்டில் பல வருசம் இருந்துவிட்டு வந்தவர். சிவசைலம் கையோடு கொண்டுபோயிருந்த மாற்று நட்டைக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்து, வேண்டியதைச் சொன்னார்.

"நட்டக் கொண்டாந்தது நல்லதாப் போச்சு அண்ணாச்சி" என்று பரீது அதை எடுத்து உருட்டிப் பார்த்தார். "இதுல ஏமாந்துபோற ஆளுக நெறைய. விட்டம் ஒண்ணா இருந்தாலும் மரைச் சுத்தோட நெருக்கம் வேறயா இருக்கும். ரெண்டு சுத்து ஏறும், மூணாவது சுத்துல தொட்டியோட மரையக் கடிச்சிரும். அப்புறம் தொட்டியவே மாத்தணும்."

மரை சேர்கிற வால்வுகளாக மூன்றை எடுத்துவைத்தார். முதலாவதற்குக் கீழே வளைந்த மூக்கு இருந்தது, குழாய் மாட்டிக்கொள்ளலாம். "அங்க எங்க யார்டுல பூராவும் இதான். ஆனா நீங்க வயலுக்குள்ள எறங்குதீங்க. மூக்கு கீழ தொங்கும், வரப்புல இடிச்சா போச்சு" என்று பரீதே அதைத் தள்ளிவைத்துவிட்டார். 

இரண்டாவது குட்டையானது. அதன் லிவரை ஸ்பிரிங்குக்கு எதிராக மேலே தூக்கினால்தான் திரும்பும். அதற்குமேல் ஒரு கிளிப்பும் இருந்தது. மூன்றாவதும் குட்டைதான். அதில் லிவர் ஒரு சின்னப் பள்ளத்தில் உட்கார்ந்திருந்தது, தட்டினால் திரும்பிவிடும். 

"ஆயில் கொஞ்சம் மெதுவா எறங்கும். அடியில கொஞ்சம் கசடு தங்கும். அது எல்லா வால்வுலயும் உள்ளதுதான். உங்களுக்கு லாக் உள்ளதுதான் சரி" என்று இரண்டாவதை நீட்டினார்.

சிவசைலம் அதை வாங்கி, கட்டைவிரலை லிவருக்கு அடியில் கொடுத்துத் தூக்கினார். லிவர் எழவில்லை. வெளிச்சத்தில் பார்க்கிறவர் போலக் கடை வாசலுக்குத் திரும்பி நின்றுகொண்டு மறுபடி தூக்கினார். பிறகு வால்வை இடது கைக்கு மாற்றினார். அதிலும் பாதிதான் எழுந்தது. கட்டைவிரல் நடுங்கி விட்டுவிட்டது. வலது கைக்குத்தான் ஏதோ வந்திருக்கிறது என்று அதுவரை நினைத்திருந்தார். உள்ளே வேறு இரண்டு பேர் பெல்ட்டுக்கும் பல்புக்கும் காத்திருந்தார்கள். 

திரும்பி வந்து மூன்றாவதை எடுத்தார். ஆள்காட்டி விரலால் தட்டினார். திறந்தது. தட்டினார், மூடியது.

"இதத் தாங்க பாய்."

பரீது அவர் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கையில என்ன அண்ணாச்சி?"

"சுளுக்கு."

"எவ்வளவு நாளா?"

"கொஞ்ச நாளா."

பரீது குரலைத் தாழ்த்தினார். "இது வேன் மாதிரி சின்ன வண்டிக்குச் சரி. உங்க வண்டியில வைக்கோல் கயிறு தொங்கும், கல்லுத் தெறிக்கும். லிவர்ல ஏதாவது மாட்டித் திரும்பிட்டா? ஆயில் லைட் எரியும்போது நடு மலையில நிப்பீங்க. லாக் உள்ளத எடுங்க. ஆயில் மாத்துற அன்னைக்கு மட்டும் யாரையாவது கூப்பிட்டுத் தொறந்துக்கிடுங்களேன்."

"யாரையாவது கூப்பிடணும்னா எனக்குப் பழைய நட்டே போதுமே பாய்."

பரீது அட்டைப்பெட்டிகளை எடுத்து அடுக்கினார். பிறகு அவர் கேட்ட வால்வையே காகிதத்தில் சுற்றி, கூடவே ஒரு செம்பு வாஷரையும் ஒரு சுருள் கட்டுக்கம்பியையும் வைத்தார். 

"மூடுனதும் லிவர பக்கத்து போல்ட்டோட சேத்துக் கம்பியால கட்டிருங்க. ஒவ்வொரு தடவையும் கட்டணும். கட்டாம வண்டிய எடுக்கக்கூடாது. சரின்னு சொல்லுங்க, தாரேன்."

"சரி" என்றார் சிவசைலம்.

மறுநாள் மத்தியானம் வீட்டுக்குப் பக்கத்துத் தென்னந்தோப்பு ஓரமாக வண்டியை நிறுத்தி வேலையை ஆரம்பித்தார். பழைய நட்டைக் கழற்ற, இந்த ஒரு தடவைக்கு மட்டும் என்று ஸ்பேனரில் ஒரு நீளக் குழாயைச் செருகிக் காலால் உதைத்தார். ஆயில் இறங்கியது. வால்வை உள்ளங்கையால் தாங்கி, மரை பிடிக்கிறவரை மெல்ல மெல்ல உருட்டினார். அதையும் காலால்தான் முடுக்கினார். நல்ல பொருத்தம். தட்டினால் திறந்தது, தட்டினால் மூடியது. அன்றைக்கு அவருக்கு எத்தனையோ மாதத்துக்குப் பிறகு மனசு கொஞ்சம் லேசானது. 

கம்பி கட்டுவதில்தான் சிக்கியது. மெல்லிய கம்பி. அதைப் பிடிக்கவே விரல்கள் சேரவில்லை. பல்லால் கடித்து வளைத்துப் பார்த்தார். போல்ட்டைச் சுற்றிக் கொண்டுவருவதற்குள் நழுவி முகத்தில் விழுந்தது. கட்டாமல் எடுத்துவிடலாமா என்று ஒரு நிமிசம் யோசித்தார். பரீதிடம் சரி என்று சொல்லியிருந்தார். புளியரையின் கீழ்ப்பக்க வளைவுகளையும் நினைத்துக்கொண்டார்.

"ஏட்டி, இங்கன கொஞ்சம் வாயேன்!"

"மாவு வழிச்சிட்டிருக்கேன்."

"கையக் கழுவிட்டு வா."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து குழலி அந்த வீட்டு வண்டி எதற்கும் அடியில் போனதில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தவழ்ந்து வந்து அவருக்குப் பக்கத்தில் மல்லாந்து படுத்தாள்.

"இந்தக் கம்பிய லிவரச் சுத்தி, அந்தா இருக்க போல்ட்டோட சேத்து முறுக்கு."

அவள் முறுக்கினாள். ஒன்றுமில்லாத வேலை; தினமும் பூ கட்டித் தலையில் வைக்கிறவளுக்கு அது எம்மாத்திரம். "இதுக்கா என்னைக் கூப்பிட்டீங்க? ஒங்களுக்கு முடியாதாக்கும்" என்று சிரித்துக்கொண்டே திரும்பியவள், அவர் நெஞ்சின்மேல் கிடந்த வலது கையைப் பார்த்தாள். அதை எடுத்துத் தன் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

"இங்கன இருந்த சதை எங்க?"

அவர் கையை மெல்ல இழுத்துக்கொள்ளப் பார்த்தார்.

"ஏங்க, கேக்கேன்லா. இங்கன இருந்த சதை எங்க போச்சு?"

"வேலையில தேஞ்சிருக்கும்."

அவள் விரல்கள் முன்கைக்கு வந்தன. தோலுக்கடியில் ஏதோ புழு நெளிகிற மாதிரி துடித்துக்கொண்டிருந்தது. அவள் கையை வெடுக்கென்று எடுத்தாள். பிறகு மறுபடி அங்கேயே வைத்தாள்.

"எம்புட்டு நாளா இப்படி?"

"சாரலுக்கு முன்னாலேருந்தே."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வண்டி எடுக்க விடமாட்ட."

தெருவோடு போன இரண்டு பேர், லாரிக்கடியிலிருந்து நாலு கால்கள் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துச் சிரித்தபடி போனார்கள். குழலி வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. கிரைண்டரில் மாவு காய்ந்துபோயிருந்தது.

அடுத்த வாரம் இருவரும் செங்கோட்டையிலிருந்து வரும் ரயிலைப் பிடித்துத் திருநெல்வேலி போனார்கள். ஒரு டாக்டர் இன்னொருவரிடம் அனுப்பினார். கையிலும் காலிலும் நாக்குக்குக் கீழும் ஊசியைச் செருகி, பெட்டியில் கோடு ஓடுவதைப் பார்த்தார்கள். கடைசியில் பார்த்த டாக்டரம்மா வயதானவர். நாற்காலியை இழுத்து இவர்கள் பக்கத்தில் போட்டுக்கொண்டு பேசினார். சதைக்கு ஒன்றும் இல்லை, சதையை அசைக்கச் சொல்கிற நரம்பு பட்டுப்போகிறது, ஒவ்வொரு இடமாகப் போகும் என்றார். மோட்டார் நியூரான் என்று ஒரு பேர் சொன்னார்.

"மருந்து சாப்பிட்டா சரியாயிருமா டாக்டர்?" என்று குழலி கேட்டாள்.

"வேகத்தக் கொஞ்சம் குறைக்கலாம்மா. நிறுத்த முடியாது."

"எது வரைக்கும் போவும்?"

டாக்டரம்மா சிவசைலத்தைப் பார்த்தார். சொல்லலாம் என்பதுபோல அவர் தலையாட்டினார். "கை, கால். அப்புறம் பேச்சு, விழுங்குறது. கடைசியில மூச்சு. ஆனா அறிவு தெளிவா இருக்கும். எல்லாம் தெரியும், புரியும்."

"வண்டி?" என்று கேட்டார் சிவசைலம்.

"வேண்டாம்."

திரும்பும்போது ரயிலில் கூட்டமில்லை. கல்லிடைக்குறிச்சி தாண்டி, மலை பக்கத்தில் வர ஆரம்பித்த பிறகு, "மோட்டார்னுல்லா பேரு வச்சிருக்கானுவ" என்றார் சிவசைலம். குழலி சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் அவர் எப்போதும்போல எழுந்து குளித்துக் கிளம்பினார். பாவூர்சத்திரத்தில் லோடு சொல்லியிருந்தார்கள். குழலி வண்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஒரே ஒரு லோடுட்டி. வாக்குக் குடுத்திருக்கேன்."

"மலையில கை விட்டுட்டா?"

"விடாது."

"அருவியிலயும் கைதான் விட்டுருக்கு, இப்பந்தான் புரியுது. பாசி வழுக்கிட்டுன்னு எங்கிட்ட சொன்னீங்க. எதுத்தாப்புல பஸ்ஸு வரும். அதுல பிள்ளைகளத் தூக்கிட்டு எத்தன பேரு உக்காந்திருப்பாக."

அவர் வண்டிக் கதவில் சாய்ந்தபடி நின்றார். வெயில் ஏறியது. பிறகு சாவியை மரத்துண்டோடு சேர்த்து அவள் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

சுபாஷ் என்று செங்கோட்டைக்காரன் ஒருவனைச் சம்பளத்துக்கு வைத்தார்கள். நல்ல ஓட்டுக்காரன், பெண்டாட்டி பிள்ளைகள் உள்ளவன். அவன் வந்த பிறகு ஒரே ஒரு தடவைதான் அந்த வால்வைத் திறக்கும் நாள் வந்தது. பரீது பயந்ததுபோல ஒன்றும் நடந்திருக்கவில்லை. கம்பிக் கட்டு குழலி முறுக்கியபடியே சேறு பூசி இருந்தது. ஒரு சொட்டுக் கசிவு இல்லை. சுபாஷ் குனியப் போனான். சிவசைலம் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு மனைவியைப் பார்த்தார். அதற்குள் அவருக்குத் தரையில் படுத்து எழுவது முடியாமல் போயிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல, குழலி அடியில் நுழைந்து கம்பியை அவிழ்த்து, லிவரைத் தட்டினாள். ஆயில் மெதுவாக இறங்கியது. கடைசிச் சொட்டை விரலில் ஏந்திக்கொண்டு வந்தாள்.

"தேச்சுப் பாரு. நெருநெருங்குதா?"

"எனக்கு என்ன தெரியும்?" என்று அவருடைய இரண்டு விரல்களையும் பிடித்து, நடுவில் ஆயிலைத் தடவி, தானே சேர்த்துத் தேய்த்துவிட்டாள். விரல்களுக்கு பலம்தான் இல்லை. தொட்டது எல்லாம் தெரிந்தது. 

"நெருநெருங்குது" என்றார். "இன்ஜின் வேலை வரும்."

இன்ஜின் வேலை வருவதற்குள் சுபாஷ் கத்தாருக்கு விசா கிடைத்துப் போய்விட்டான். வண்டியை விற்றார்கள். வாங்க வந்த சிவகிரிக்காரர் அடியில் பார்த்துவிட்டு, "இந்த லிவர் சாமானெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்ல. கழட்டி எறிஞ்சிட்டு நட்டுப் போட்டுக்கிடுவேன்" என்றார். கூட நின்ற பாண்டிராஜுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன் எறியணும்? எவ்வளவு பாத்துப் பாத்து வாங்குனது தெரியுமா வே?" என்று ஆரம்பித்தவரை சிவசைலம் தடுத்தார். 

"விடுலே. அவரு வண்டி."

அவர் வாயிலிருந்து அந்தச் சொற்கள் குழறிக்கொண்டு வந்தன. பாண்டிராஜ் அன்றைக்குத்தான் அதைக் கவனித்தார்.

கால் இருந்தவரை சிவசைலம் காலையில் மெல்ல நடந்து விலக்குக்கு வந்துவிடுவார். பாண்டிராஜின் கடையில் ஒரு பழைய வேன் சீட்டில் உட்கார்ந்திருப்பார். டிரைவர்கள் சிலர் இந்த வால்வைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்து விசாரிப்பார்கள். லாக் உள்ளதாகப் பார்த்து வாங்கு, பழைய நட்டைக் கொண்டுபோ, ரொம்பத் தொங்குவது வேண்டாம் என்று சொல்வார். சொல்லுவது வெளியாட்களுக்குப் புரியாமல் போகப்போக, பாண்டிராஜ் கிரீஸ் கையோடு பக்கத்தில் வந்து நின்று ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்வார். தன் சொந்தச் சரக்கு எதையும் அதில் சேர்க்கமாட்டார்.

ஒருநாள் காற்றடிக்க வந்த இளவட்ட டிரைவர் ஒருவன், அவர் ஏதோ சொல்ல முயல்வதையும் வாயோரம் எச்சில் ஒழுகுவதையும் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி காலையிலேயே ஏத்திட்டாரு போல" என்று சிரித்தான். பாண்டிராஜ் காற்றுக் குழாயைக் கீழே போட்டுவிட்டு அவன் சட்டையைப் பிடித்தார். "வாழ்க்கையில ஒரு சொட்டு தொட்டதில்லலே அவன்! எடுலே வண்டிய, எடு!" என்று கத்தினார். அந்தப் பையன் பயந்துபோய் மன்னிப்புக் கேட்டான். உண்மையாகவே கேட்டான். சிவசைலம் பரவாயில்லை என்கிற மாதிரி தலையை ஆட்டினார். ஆனால் கண்ணிலிருந்து தண்ணீர் நிற்காமல் வந்தது. துடைத்துக்கொள்ளக் கை எழவில்லை. பாண்டிராஜ் தோளில் கிடந்த துண்டால் துடைத்துவிட்டு, ஸ்கூட்டரில் தாங்கி உட்காரவைத்து வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

அதற்குப் பிறகு சிவசைலம் விலக்குக்குப் போகவில்லை. சில மாதத்தில் போவதற்குக் காலும் இல்லாமல் போனது. குழலி மாவு ஆட்டுவதைக் காலையில் மட்டும் வைத்துக்கொண்டாள். மகள் வந்து வந்து போகிறாள், வரும்போதெல்லாம் அழுகிறாள். அவளைத் தேற்றுகிற வேலையும் குழலிக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாண்டிராஜ் வருகிறார். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த மலையில் நின்றது, புளியரையில் ரோடு எப்படி இருக்கிறது, யார் புது வண்டி எடுத்தான் என்று ஒன்றுவிடாமல் சொல்கிறார். குழலி ரசத்தில் கரைத்த சோற்றை ஸ்பூனால் ஊட்டுகிறாள். சில சமயம் அது தவறான வழியில் இறங்கி, சிவசைலத்துக்கு இருமல் எடுத்துவிடும். முகம் கறுத்து, கழுத்து நரம்பு புடைத்து, அடங்க வெகுநேரம் ஆகும். குழலி முதுகைத் தடவிக்கொண்டே இருப்பாள். பாண்டிராஜ் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். இருமல் அடங்கி, சிவசைலத்தின் கண்கள் தன் பக்கம் திரும்பியதும், விட்ட இடத்திலிருந்து மறுபடி சொல்ல ஆரம்பிப்பார்.